சுவரிலே சுகாதாரம், கக்கூசுக்குப் பூட்டு!

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணிக் கம்பெனி வாசலில் போனஸ் கோரிக்கையை விளக்கிக் கூட்டம் பேசி முடித்தோம். கொடியைச் சுருட்டிக்கொண்டு கிளம்பும் நேரம். ஷிப்டு முடிந்து வந்த ஒரு தையல் தொழிலாளி, சாப்பாட்டுக் கூடையும் கையுமாக வந்து என்னை நிறுத்தினார்.

“தோழர், போனஸ் பேசினீங்க, சரி. எம் பொண்ணு மூணாங்கிளாஸ் படிக்குது. ஒண்ணுக்குப் போறப்ப எரியுதுன்னு துடிக்குது. டாக்டரம்மா கிட்ட காட்டினா, ‘பாப்பா தண்ணியே குடிக்கறதில்ல, அதான்’னாங்க. ஏண்டி குடிக்கலன்னு கேட்டா, ‘குடிச்சா ஒண்ணுக்கு வரும், ஸ்கூல்ல கக்கூஸ் பூட்டியிருக்கு’ங்குது. இதுக்கு உங்க சங்கத்துல கோரிக்கை உண்டா?”

என்னிடம் பதில் இல்லை. இருபது ஆண்டுகளாக வாயிற் கூட்டம் பேசுகிறேன். பஞ்சப்படி தெரியும், ஈ.எஸ்.ஐ. தெரியும், கிராஜுவிடி தெரியும். எட்டு வயதுக் குழந்தை காலை எட்டரை மணியிலிருந்து மாலை நாலு மணி வரை தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறது என்பது தெரியாது!

மறுநாள் அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பெயர் சொல்ல மாட்டேன். சொன்னால் தண்டனை மேலிருப்பவர்களுக்கு விழாது. அங்கே கூட்டிப் பெருக்குகிற ஆயாவுக்குத்தான் விழும். சுவரைப் பார்த்தேன். எவ்வளவு அழகான சுவர்! “கை கழுவுவோம், நோயை விரட்டுவோம்.” “தினமும் எட்டு டம்ளர் தண்ணீர் குடிப்போம்.” சிரிக்கிற பையன், சிரிக்கிற பெண், சோப்புக் கட்டி, குழாய், குழாயிலிருந்து கொட்டும் நீலநிறத் தண்ணீர். அந்த நீலத் தண்ணீர் ஒன்றுதான் அந்தப் பள்ளிக்கூடத்தில் வற்றாத தண்ணீர்!

பெண் பிள்ளைகளின் கக்கூசுக்குப் பூட்டு. சாவி தலைமையாசிரியை மேஜையில். ஏனம்மா என்று கேட்டேன். அந்த அம்மாள் ஒளிக்கவில்லை. “திறந்துவிட்டால் ஒரு மணி நேரத்தில் நாறிப்போகிறது. மேல் டாங்கி விரிசல். ஊற்றத் தண்ணீர் கிடையாது. சுத்தம் செய்கிற ஆயாவுக்கு மாதம் ஆயிரம் ரூபாய், அதுவும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. அவர் நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வாரம் இரண்டு நாள் வருகிறார். இன்ஸ்பெக்ஷன் வந்தால் கழுவித் திறப்போம்.”

கேட்டீர்களா, தோழர்களே! அதிகாரிக்குத் திறக்கும், குழந்தைக்குத் திறக்காது. ஆவடியிலே 1965 முதல் யுத்த டாங்கி செய்கிறோம். பக்கத்திலே ஒரு பள்ளிக்கூடத்துத் தண்ணீர் டாங்கியின் விரிசலை அடைக்க ஆளில்லை!

யாருக்கு உணர்வு இல்லை?

“ஏழை ஜனங்களுக்குச் சுகாதார உணர்வு இல்லை” என்று சில கனவான்கள் சொல்கிறார்கள். ஆண்டுக்கொரு சுகாதார தினம் நடத்துகிறார்கள். பேனர் கட்டுகிறார்கள். நன்கொடை கொடுத்த கம்பெனியின் பெயர் பேனரில் பெரிதாக இருக்கும், பள்ளிக்கூடத்தின் பெயர் சிறிதாக இருக்கும். பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிறுத்திக் கை கழுவும் விதத்தைச் செய்து காட்டுகிறார்கள். படம் பிடிக்கிறார்கள். போகிறார்கள். அன்று வாளியில் கொண்டுவந்த தண்ணீர் அன்றோடு தீர்ந்தது.

அந்தச் சிறுமிக்கா உணர்வு இல்லை? தண்ணீர் குடித்தால் என்ன ஆகும், குடிக்காவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டு, இரண்டு துன்பத்தில் சிறியது எது என்று தேர்ந்தெடுத்தவள் அவள். பாடம் வேண்டியது அவளுக்கல்ல. பூட்டுப் போட வைத்தவர்களுக்கு!

பள்ளிக்கூடத்தின் ஆரோக்கியம் சுவரில் எழுதுகிற வாசகத்தில் இல்லை. குழாயில் இருக்கிறது, அடுப்படியில் இருக்கிறது, ஆயாவின் சம்பளத்தில் இருக்கிறது, ஆசிரியையின் நேரத்தில் இருக்கிறது, தாயின் ஷிப்டில் இருக்கிறது. இவை சரியில்லாமல் குழந்தை மட்டும் ஆரோக்கியமாக இருக்கும் என்பவன் ஏமாளி, அல்லது ஏமாற்றுக்காரன்.

சோறு வந்த கதை

“இதெல்லாம் நம்மால் நடக்கிற காரியமா?” என்று சில தோழர்கள் சலித்துக்கொள்கிறார்கள். நடந்த கதை ஒன்றைக் கேளுங்கள்.

1920 செப்டம்பர் 16. சென்னை நகரசபை ஒரு தீர்மானம் போட்டது. தலைவர் பிட்டி தியாகராயர். ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பகல் சிற்றுண்டி கொடுப்பது. தலைக்கு ஒரு அணாவுக்கு மேல் போகக்கூடாது. சோறு வந்தது, பிள்ளைகள் வந்தார்கள். மேலும் சில பள்ளிகளுக்கும் பரவியது. வெள்ளை சர்க்கார் என்ன செய்தது? ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்றது. 1925 ஏப்ரலில் நின்றது. கல்வி வேறு, வயிறு வேறு என்பது துரைமார்களின் வாதம்!

ஆனால் அதே துரைமார்கள் தங்கள் நாட்டில் என்ன செய்தார்கள்? தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது, தொழிலாளி வீட்டு இளைஞர்கள் நெஞ்சு குறுகி, பல் சொத்தையாகி, துப்பாக்கி தூக்கவும் லாயக்கற்று நின்றார்கள். ஆளும் கூட்டம் அப்போதுதான் அலறியது. 1906இல் தொழிற்கட்சி உறுப்பினர் ஒருவர் கொண்டுவந்த மசோதா சட்டமாகி, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடலாம் என்றாயிற்று. மறு ஆண்டே பள்ளிகளில் வைத்தியப் பரிசோதனையும் வந்தது. பிராட்போர்டு போன்ற ஆலை நகரங்களில் தொழிலாளிகள் பல ஆண்டுகள் கேட்டுக் கேட்டுப் பெற்றது அது. கொடுத்ததைப் பறிக்கவும் அவர்கள் தயங்கவில்லை. 1971இல் மார்கரெட் தாட்சர் கல்வி மந்திரியாக இருந்தபோது, ஏழு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் இலவசப் பாலை நிறுத்தினார். “பால் பறித்தவள்” என்ற பட்டம் அந்த அம்மையாரைக் கடைசிவரை விடவில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 1955 ஜனவரியில் இதே ஆவடியில் காங்கிரஸ் மகாநாடு கூடி, ‘சோஷலிச பாணி சமுதாயம்’ என்று தீர்மானம் போட்டது. அந்தப் பாணி எங்கே போயிற்று என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் மறு ஆண்டு, 1956இல், காமராஜர் மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கினார். நல்லதை நல்லது என்று சொல்ல நாம் அஞ்ச வேண்டியதில்லை. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக்கி விரித்தார். கஜானா காலியாகும் என்று நிபுணர்கள் கைபிசைந்தார்கள். கஜானா காலியாகவில்லை, வகுப்பறை நிரம்பியது. 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாக வந்த முட்டை, 2010இல் வாரத்துக்கு ஐந்தாயிற்று. 2001 நவம்பர் 28இல் உச்ச நீதிமன்றம், சமைத்த சோறு போடு என்று நாடு முழுவதற்கும் உத்தரவிட்டது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் காலை உணவு தொடங்கியது. 2023இல் அரசு ஆரம்பப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் வந்தது. 2024 ஜூலை 15இல், நமது திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியில் தொடங்கி, கிராமப்புற உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது.

நூறு வருஷக் கதை இது. ஒவ்வொரு படியிலும் “வீண் செலவு” என்றது ஒரு கூட்டம். ஒவ்வொரு படியிலும் பிள்ளைகள் வந்து பந்தியில் உட்கார்ந்து அந்தக் கூட்டத்துக்குப் பதில் சொன்னார்கள்.

அந்தக் கூட்டம் இன்றும் ஓயவில்லை. 2022 ஜூலையில் பிரதமரே இலவசங்களை ‘ரேவடி’ப் பண்பாடு என்று பழித்தார். சரி, ரேவடி யார் வாங்கியது? 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரி 30 சதத்திலிருந்து 22 சதமாகக் குறைக்கப்பட்டது. ஆண்டுக்கு 1 லட்சத்து 45 ஆயிரம் கோடி ரூபாய் வருமானம் போகும் என்று சர்க்காரே சொன்னது. அது ‘ஊக்கம்’! மத்திய சர்க்கார் கணக்கில், ஆரம்பப் பள்ளிக் குழந்தை ஒன்றுக்கு ஒருவேளைப் பருப்பு, காய், எண்ணெய், விறகுக்கு 2025 மே முதல் 6 ரூபாய் 78 காசு. அரிசி தனி. எஸ்டேட் வாசலில் ஒரு டீயின் விலையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். இது ‘இலவசம்’! முதலாளி தின்றால் ஊக்கம், குழந்தை தின்றால் இலவசமா?

அடுப்படியில் நிற்பவள் யார்?

சோறு வானத்திலிருந்து விழுவதில்லை. ஒருத்தி காலையில் வந்து அரிசி களைந்து, பருப்பு வேகவைத்து, இடுப்பளவு அண்டாவை இறக்கி வடிக்கிறாள். அவள் கையில் உள்ள தீத்தழும்புகளை எண்ணிப் பாருங்கள்.

அவளுக்கு என்ன கூலி? மத்திய சர்க்கார் சமையல் தொழிலாளிக்கு நிர்ணயித்த ‘மதிப்பூதியம்’ 2009 முதல் மாதம் 1,000 ரூபாய். அதுவும் வருஷத்தில் பத்து மாதத்துக்கு! தமிழ்நாட்டில் போராடிச் சிறப்புக் காலமுறை ஊதியம் பெற்றார்கள்; ஆனாலும் 2017 சம்பளக் கமிஷனுக்குப் பிறகு சமையல் உதவியாளரின் அடிப்படைச் சம்பளம் 3,000 ரூபாயில்தான் தொடங்கியது. 2024 இறுதியில் 8,997 சமையல் உதவியாளர்களை எடுக்க உத்தரவு வந்தது. சம்பளம்? மாதம் 3,000 ரூபாய் தொகுப்பூதியம். நாளைக்கு நூறு ரூபாய்! காலை உணவு சமைக்கிற சுய உதவிக் குழுப் பெண்களோ சத்துணவு ஊழியர் பட்டியலிலேயே இல்லை. ஊரார் பிள்ளைக்குச் சத்துணவு ஆக்குகிறவளின் வீட்டில் சத்து உண்டா என்று எந்தச் சுகாதார தினத்திலாவது கேட்டார்களா?

மலிவாகச் செய்தால் என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு இரண்டு சாட்சிகள் உண்டு. 2004 ஜூலை 16. கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். சமையற்கட்டில் பற்றிய தீ கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் மாண்டார்கள். 2013 ஜூலை 16. அதே தேதி! பீகாரில் சரண் ஜில்லா, கண்டாமன் கிராமம். சாப்பாட்டில் பூச்சி மருந்து கலந்து 23 குழந்தைகள் மாண்டார்கள். சாமான் வைக்கச் சரியான அறை இல்லை. கேள்வி கேட்கும் கண்காணிப்பு இல்லை. ஒழுங்கான சமையற்கட்டு, ஒழுங்கான சம்பளம், ஒழுங்கான மேற்பார்வை ஆகிய மூன்றும் ஆடம்பரமல்ல. குழந்தையின் உயிர்!

சட்டம் இருக்கிறது, தண்ணீர் இல்லை

2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்விச் சட்டம் என்ன சொல்கிறது? ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கக்கூசு, பாதுகாப்பான குடிதண்ணீர், சமையற்கட்டு, விளையாட்டிடம், சுற்றுச்சுவர், எல்லாம் வேண்டும் என்று அட்டவணை போட்டே சொல்கிறது. 2012 அக்டோபர் 3இல் உச்ச நீதிமன்றம், ஆறு மாதத்துக்குள் எல்லாப் பள்ளியிலும் தண்ணீரும் கக்கூசும் இருக்க வேண்டும் என்றது. 2014 ஆகஸ்ட் 15இல் செங்கோட்டைக் கொத்தளத்தில் நின்று, ஒரே வருஷத்தில் கட்டி முடிப்போம் என்று பிரதமர் முழங்கினார்.

கட்டினார்கள். மறுக்கவில்லை. அரசுத் துறைக் கம்பெனிகள் கட்டிய பள்ளிக் கக்கூசுகளைத் தணிக்கை அதிகாரி போய்ப் பார்த்து, 2020இல் அறிக்கை கொடுத்தார். பார்த்தவற்றில் 72 சதத்தில் உள்ளே குழாய்த் தண்ணீர் இல்லை! தண்ணீர் இல்லாத கக்கூசு கக்கூசா? அது நாலு சுவரும் ஒரு கல்வெட்டும். கட்டடத்துக்குக் காண்டிராக்டு உண்டு, கமிஷன் உண்டு, திறப்பு விழா உண்டு. கழுவுகிற ஆயாவுக்குச் சம்பளம் ஒதுக்கினால் அதிலே என்ன விழா? அதனால்தான் கட்டடம் எழும்புகிறது, ஆயா கிடைப்பதில்லை!

மத்திய சர்க்காரின் நியாயத்தையும் பாருங்கள். 2024-25இல் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கு வரவேண்டிய சுமார் 2,152 கோடி ரூபாயை, நாங்கள் சொல்லும் திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்று நிறுத்தி வைத்தார்கள். குழந்தையின் குழாயை மூடி மாநிலத்தின் கையை முறுக்குவது என்ன ராஜதந்திரம்? அதற்காக மாநில சர்க்காரும், ஊராட்சியும், நகராட்சியும், மாநகராட்சியும் கைகழுவ முடியாது. ஒரு டாங்கியின் விரிசலை அடைக்க டில்லி உத்தரவு தேவையில்லை.

மாத்திரையும் பதிவேடும்

2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 57 பேருக்கு மேல் ரத்தசோகை. நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரமில்லை. பள்ளிக்கூட வாசலுக்கு வரும் முன்பே சோகை பிடித்துத்தான் வருகிறார்கள். தாய்மார்களிலும் பாதிக்கு மேல் இதே கதி.

இதற்கு வாரம் ஒரு இளஞ்சிவப்பு இரும்புச்சத்து மாத்திரை உண்டு. பூச்சி மாத்திரை உண்டு. ஆண்டுக்கொரு தடவை வைத்தியர் குழு பள்ளிக்கு வந்து பார்க்கும் ஏற்பாடும் 2013 முதல் உண்டு. நல்ல ஏற்பாடுகள். ஆனால் பூச்சி மாத்திரை கொடுத்துவிட்டு, வெறுங்காலோடு திறந்தவெளிக்கு அனுப்பினால் பூச்சி திரும்பி வராதா? கண் மங்கல் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்தால், கண்ணாடி வாங்க ஒருநாள் கூலியை விட்டுப் போக வேண்டியவள் யார்? பிள்ளையின் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது. பிள்ளை கரும்பலகை தெரியாமல் கடைசி பெஞ்சில் கிடக்கிறது.

பூந்தமல்லியில் பொது சுகாதார நிலையம் இருக்கிறது. சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பேர்பெற்ற இடம். பயிற்சி பெற்றவர்களைக் காலி இடங்களில் நியமித்து, மாதம் ஒருமுறையாவது ஒவ்வொரு ஆரம்பப் பள்ளிக்கும் அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? ஆசிரியைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. இரண்டு ஆசிரியைகள், ஐந்து வகுப்பு. அதில் ஒருவர் செல்போனில் வருகைப் பதிவும் புள்ளிவிவரமும் ஏற்றிக்கொண்டிருக்கிறார். அழுகிற குழந்தையை அருகே அழைத்து ஏன் அழுகிறாய் என்று கேட்க அவருக்கு நேரம் கொடுத்தது யார்? குழந்தையின் மனத்துக்கும் ஆரோக்கியம் வேண்டும், தோழர்களே. அதை எந்த மாத்திரையும் தராது. கேட்பதற்கு ஒரு பெரியவருக்கு ஓய்வு வேண்டும்.

தாயின் கடிகாரம்

திருமழிசை, நேமம், செம்பரம்பாக்கம் பக்கம் நாற்று நடப் போகிறவள் விடியுமுன் புறப்படுகிறாள். எஸ்டேட்டில் முதல் ஷிப்டுக்காரி இருட்டில் பஸ் பிடிக்கிறாள். பிள்ளைக்குத் தலை வார நேரமில்லை, காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டுப் பார்க்க நேரமில்லை. இரவு வரும்போது பிள்ளை தூங்கிவிட்டது. இவளைப் பார்த்துத்தான், “பெற்றோர் அக்கறை காட்ட வேண்டும்” என்று பிரசங்கம் செய்கிறார்கள்!

2023 ஏப்ரல் 21இல் தமிழ்நாடு சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிதிறக்கும் மசோதா நிறைவேறியது. எல்லாத் தொழிற்சங்கங்களும் கொதித்தெழுந்தன. மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சரே அறிவித்தார். நாம் அப்போது கூலிக்கும் நேரத்துக்கும் மட்டுமா போராடினோம்? நம் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் அந்தக் கால்மணி நேரத்துக்காகவும்தான் போராடினோம். எட்டு மணி நேர வேலைநாள், பள்ளிப் பிள்ளையின் சுகாதாரத் திட்டமும் ஆகும். இதை உரக்கச் சொல்லுங்கள்.

பந்தியில் பிரிவினை

இன்னொரு நோய் இருக்கிறது. அதற்குப் பெயர் சாதி. தாழ்த்தப்பட்ட பெண்களுக்குச் சமையல் வேலையில் முன்னுரிமை என்று 2004 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2018 ஜூலையில் திருப்பூர் மாவட்டம் அவிநாசி வட்டாரத்தில் என்ன நடந்தது? தாழ்த்தப்பட்ட அம்மாள் சமைத்த சோற்றை எங்கள் பிள்ளைகள் தின்ன மாட்டார்கள் என்று ஆதிக்கசாதியார் பள்ளிக்கூடத்தை மறித்தார்கள். அதிகாரிகள் அந்த அம்மாளை இடம் மாற்றினார்கள்! ஜனநாயக இயக்கங்கள் எழுந்து நின்ற பிறகுதான் அவருக்குத் திரும்ப அதே பள்ளியில் வேலை கிடைத்தது; மறித்தவர்கள் மேல் வழக்கும் வந்தது.

ஆறு வயதுப் பிள்ளைக்கு அவள் கைச்சோறு கூடாது என்று சொல்லிக் கொடுக்கிறவன், அந்தப் பிள்ளையின் வாயில் விஷம் வைக்கிறான். நம் பகுதியில் இது இல்லை என்று மார்தட்ட வேண்டாம். கக்கூசைக் கழுவ எந்தப் பிள்ளையை அனுப்புகிறார்கள் என்று உங்கள் ஊர்ப் பள்ளியில் விசாரித்துப் பாருங்கள்.

நம் குற்றம்

இவ்வளவும் சொன்ன பிறகு, நம்மைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டும். அதே 2009 சட்டம், ஒவ்வொரு பள்ளியிலும் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அதில் முக்கால் பங்கு பெற்றோர். பாதிப்பேர் பெண்கள். பெரும்பான்மை நம்முடையது! ஒரு கம்பெனியில் இப்படி ஒரு கமிட்டி கிடைத்தால் விடுவோமா? ஆனால் பள்ளிக்கூடத்தில் கூட்டம் என்றால் யார் போகிறோம்? தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வரும், கையெழுத்துப் போடுவோம், என்ன எழுதியிருக்கிறது என்று படிக்க மாட்டோம்.

என்னையே சொல்கிறேன். என் மகள் நாலாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளியின் குழுக் கூட்டத்துக்கு மூன்று முறை அழைப்பு வந்தது. கட்சி வேலை என்று மூன்று முறையும் போகவில்லை. பிள்ளைகளின் குடிதண்ணீர் கட்சி வேலை இல்லையாம்! அந்தத் தையல் தொழிலாளியின் கேள்வி என்னைச் சுட்டது இதனால்தான்.

அந்தப் பூட்டு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். பதினேழு தாய்மார்கள் வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு, குழுக் கூட்டத்துக்குப் போனார்கள். கோஷம் இல்லை, கொடி இல்லை. தீர்மானப் புத்தகத்தை வாங்கி, “கக்கூசு பூட்டியிருக்கிறது, டாங்கி உடைந்திருக்கிறது, ஆயாவுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி” என்று தங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். தலைமையாசிரியையும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். அந்த அம்மாளும் எத்தனையோ மனு எழுதி அலுத்தவர்தானே! அந்தத் தீர்மானத்தின் நகலோடு அலுவலகத்துக்கு நடந்தார்கள். ஒருதடவையல்ல, நாலு தடவை. புது டாங்கி வந்தது. பூட்டுப் போயிற்று. ஆயாவின் பாக்கி இன்னும் முழுதாக வரவில்லை. அந்தப் போராட்டம் நடக்கிறது.

அந்தச் சிறுமி இப்போது தண்ணீர் குடிக்கிறாள். பெரிய புரட்சி அல்ல. ஆனால் பதினேழு தொழிலாளிப் பெண்கள் தங்கள் பலத்தைத் தெரிந்துகொண்டார்கள். அது சின்ன விஷயமும் அல்ல.

என்ன செய்ய வேண்டும்?

ஆலைத் தோழர்களே, விவசாயத் தொழிலாளர்களே! ஒவ்வொரு சங்கக் கிளையும், ஒவ்வொரு மாதர் குழுவும் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போங்கள். கீழ்க்கண்ட கோரிக்கைகளை மேலாண்மைக் குழுவிலும், கிராம சபையிலும், வார்டு கவுன்சிலரிடமும் எழுத்து மூலம் வையுங்கள்:

1. பள்ளி நேரம் முழுவதும் கக்கூசு திறந்திருக்க வேண்டும். உள்ளே குழாயில் தண்ணீர் வர வேண்டும்.

2. துப்புரவு ஆயாவுக்கு மாதந்தோறும் குறைந்தபட்சச் சம்பளச் சட்டப்படி கூலி. பிள்ளைகளை விட்டுக் கக்கூசு கழுவ வைப்பதை உடனே நிறுத்த வேண்டும்.

3. சத்துணவு ஊழியர்களுக்கு முறையான காலமுறைச் சம்பளமும் ஓய்வூதியமும். காலை உணவு சமைக்கும் பெண்களையும் ஊழியர்களாக ஏற்க வேண்டும். சமையலைக் காண்டிராக்டருக்கு விடக்கூடாது.

4. மாதம் ஒருமுறை சுகாதார ஊழியர் வருகை. கண், பல், காது, ரத்தசோகை என்று எழுதப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் சிகிச்சை முடிந்ததா என்று குழுவின் முன் கணக்கு.

5. வகுப்புக்கு ஒரு ஆசிரியை. புள்ளிவிவர வேலைக்குத் தனி ஆள்.

6. பள்ளிக் கூட்டத்துக்குப் போகும் தாய் தந்தையருக்குச் சம்பளத்தோடு அரைநாள் லீவு. இதை இந்த ஆண்டு கோரிக்கைப் பட்டியலிலேயே ஒவ்வொரு சங்கமும் சேர்க்க வேண்டும்.

போனஸ் கேட்போம், விடமாட்டோம். கூலி கேட்போம், விடமாட்டோம். அதே வாயால் நம் பிள்ளைகளின் தண்ணீரையும் கேட்போம். உங்கள் பள்ளிக்கூடத்தில் அடுத்த குழுக் கூட்டம் எந்தத் தேதி? இன்று மாலையே விசாரியுங்கள். சுவரில் எழுதியிருப்பதைக் குழாயில் வரவழைக்க நம்மை விட்டால் வேறு ஆளில்லை!